காட்டிய இடத்தில் வைத்த கையெழுத்து

ஐயாவைப் பரிசோதிக்கிற டொக்டர் பத்து மணிக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். ஐயா எட்டு மணிக்கே என்னை விலகி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே முகம் வழித்தார். எண்பத்தைந்து வயதுக் கை. நாடியில் இரண்டு இடம் வெட்டுப்பட்டு, நான் பஞ்சு வைத்து அழுத்தவேண்டியதாகப் போயிற்று. பிறகு சப்பாத்தை மினுக்கினார், கழுத்துப்பட்டி கட்டினார், யன்னலுக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றார். இன்றைக்கு மட்டும் கட்டிலில் படுத்திருங்கள், கொஞ்சம் இயலாத மாதிரி இருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் படையில் இருந்த மனிதரிடம் இயலாத மாதிரி இரு என்றால் இருப்பாரா.

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு படி உண்டு. ஆள் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்று பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுவார்கள். படி கூடினால் அவருடன் நாங்கள் செலவழிக்கக்கூடிய நிமிடமும் கூடும், இல்லத்துக்கு வருகிற காசும் கூடும். ஐயா முதலாம் படி. குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் இருத்த எனக்குத் தந்தது முக்கால் மணித்தியாலம். அவரோ சட்டைப் பொத்தான் ஏழையும் தானே பூட்டுவேன் என்பார். ஒரு பொத்தானுக்கு இரண்டு நிமிடம் போகும். நான் கையை நீட்டினால் முகம் கறுத்துவிடும். இரண்டாம் படி கிடைத்தால் அவரை ஆறுதலாகப் பூட்ட விடலாம் என்பதுதான் என் ஆசை. வேறு கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை என்று இப்போது சொல்லி யாருக்கு என்ன பயன்.

டொக்டர் திகதி கேட்டார், மாதம் கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஐயா இரண்டு வரை கழித்துவிட்டுத்தான் நிறுத்தினார். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான பெண்மணி பிரௌ கெல்லரின் முகம் தொங்கிப்போயிற்று. கடைசியாக, முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். நாங்கள் டொச்சு மொழியில்தான் கதைப்போம். ஆனாலும் ஐயா சொல்வது என் காதில் எங்கள் தமிழாகவே விழும்.

"படையிலை இருந்தனான். பிறகு அஞ்சு வருசம் எங்கட நாட்டுக்குச் சனாதிபதியா இருந்தனான்."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு பிரௌ கெல்லரைப் பார்த்தார். பிரௌ கெல்லர் மெல்லத் தலையை ஆட்டி, பாவம் என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அது உண்மை என்று எனக்குத் தெரியும். அவருடைய பணப்பையில் ஒரு பழைய தபால் முத்திரை இருந்தது. பதினைந்து சதம். படை உடுப்பும் பதக்கமுமாக, நாடியை உயர்த்திக்கொண்டு, இதே முகம். அது ஒரு சின்னத் தீவு நாடு. பெயரை எழுதமாட்டேன், இல்லத்து விடயங்களை வெளியில் சொல்வதில்லை என்று வேலைக்குச் சேரும்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே அதிகாரம் முழுக்கப் பிரதமருக்கு. சனாதிபதிக்குக் கொடியேற்றுவது, தூதுவர்களுக்குக் கை கொடுப்பது, கொண்டுவந்து வைக்கிற காகிதத்தில் கையெழுத்து வைப்பது. மனைவி இந்த ஊர்க்காரி. பதவி முடிந்ததும் இரண்டு பேரும் இங்கே வந்துவிட்டார்கள். இப்போது மனைவியும் இல்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டு, நான் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். டொக்டர் எழுதினார்.

மூன்று கிழமையில் இரண்டாம் படி வந்தது. வந்த படியைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா, அதற்கு நாளாந்தப் படிவம் இருக்கிறது. இடம் தெரியாமல் தடுமாறுகிறார், நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார், ஒத்துழைக்க மறுக்கிறார் என்று பன்னிரண்டு வரி. பொருந்துகிற பெட்டியில் புள்ளடி போட்டுக் கீழே சுருக்கொப்பம் வைக்கவேண்டும். முதல் நாள் பிரௌ கெல்லர் எனக்குப் பக்கத்தில் நின்று, இங்கே, இங்கே, பிறகு இங்கே என்று விரலால் காட்டினார். பிறகு ஒருவரும் காட்டத் தேவைப்படவில்லை. உலகக் கிண்ணம் நடந்த கோடையில், தொலைக்காட்சியில் எந்த நாட்டுக் கீதம் போனாலும் ஐயா தடியை ஊன்றிக்கொண்டு எழும்பி நிற்பார். அதற்கும் ஒரு பெட்டி இருந்தது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வைக்கமாட்டார். பார்சல் வந்தால்கூட மாட்டார், பேனையை நீட்டினால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அதற்கு ஒத்துழைக்க மறுக்கிறார் என்ற பெட்டி. ஒரு வருடம் போட்டேன். அவர் பொத்தான்களை ஆறுதலாகப் பூட்டினார்.

இந்தக் கார்த்திகையில், பதினோராம் திகதி, லூசியா வந்தாள். முப்பத்தாறு வயதிருக்கும். அந்தத் தீவிலிருந்து லண்டன் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொலோனுக்கு வந்து அறை எடுத்திருந்தாள். ஐயாவின் முன்னால் ஒரு காகிதத்தை வைத்துவிட்டுத் தன் தகப்பனின் பெயரைச் சொன்னாள். ஐயா கதிரையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை. ஒரு மணித்தியாலம் நின்றாள். அவர் காகிதத்தையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலையில் நான் சட்டையை எடுத்துக் கொடுத்தபோது ஐயா வாங்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். முதன்முறையாக நான்தான் பொத்தான் பூட்டினேன். பூட்டி முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவர் சனாதிபதியாகி மூன்றாம் வருடம் படைக்குள் ஒரு கலகம். ஆயுதக் கிடங்கை உடைத்ததாக ஐந்து பேருக்கு மரண தண்டனை. நாலாவது பெயர் லூசியாவின் தகப்பன், பதினாலு வருடம் ஐயாவின் வாகனம் ஓட்டியவர். கிடங்கு உடைந்தது காலை பத்து மணிக்கு. அந்தப் பத்து மணிக்கு அந்த மனிதர் துறைமுகத்திலிருந்து ஐயாவின் மனைவிக்கு வந்த பியானோவை லொறியில் ஏற்றிக்கொண்டு மாளிகை வாசலுக்குள் வந்துகொண்டிருந்தார். ஐயா மேல்மாடி யன்னலில் நின்று பார்த்திருக்கிறார். கையும் காட்டியிருக்கிறார்.

பிரதமரிடம் சொன்னாராம். நாட்டின் தலைவர் சாட்சிக் கூண்டில் ஏறுவதில்லை, ஒருவனை விட்டால் ஐந்து பேரையும் விடவேண்டும் என்று பதில் வந்ததாம். பிறகு கருணை மனுவை நிராகரிக்கிற காகிதம் வந்தது. அந்த மனிதரின் தாய் மாளிகைப் படலைக்கு வெளியே மூன்று நாள் நின்றாள்.

"வெயில் எண்டு ஒரு கதிரை குடுத்து விட்டன். மனிசி அதிலை இருக்கேல்லை."

மேலும் இரண்டு பொத்தான் பூட்டினேன்.

"முப்பத்தொரு வருசம் சொன்னதைச் செய்த கை, பிள்ளை. அவை காட்டின இடத்திலை வைச்சன்."

அந்தப் பியானோவை மனைவி ஒருநாளும் திறக்கவில்லை என்றும் சொன்னார். அழவில்லை. நான்தான் அழுதேன். கழுத்துப் பொத்தானைப் பூட்ட முடியாமல் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

லூசியா கொண்டுவந்த காகிதத்தில் இருந்தது இந்தப் பியானோக் கதையேதான். அவளுடைய பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த கதை. அந்தப் பழைய வழக்குகளை இப்போது ஒரு ஆணைக்குழு திருப்பி விசாரிக்கிறது. கையெழுத்தை உறுதிப்படுத்துகிற நொத்தாரிசு முன்னிலையில் ஐயா கையெழுத்திட்டால், அது கார்த்திகை முடிவதற்குள் போய்ச் சேர்ந்தால், தகப்பனின் பெயரைத் துரோகிகளின் பட்டியலில் இருந்து எடுப்பார்கள். எலும்பையும் தருவார்கள். சிறைச்சாலைச் சுவருக்குள் புதைத்திருக்கிறார்களாம்.

மூன்றாம் நாள் நொத்தாரிசு வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். பிரௌ கெல்லரும் வந்து கதவடியில் நின்றார். ஐயா பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தார். ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்தார். ஓரிடத்தில் பத்தேகால் என்று இருந்ததைப் பத்து என்று திருத்தச் சொன்னார். பேனையை நானே எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருடமாக எதிலும் வைக்காத கையெழுத்தை வைக்க அவருக்கு நாலு நிமிடம் எடுத்தது. முழுப் பெயர், படைப் பதவி, அதற்குக் கீழே சனாதிபதி என்று.

லூசியா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நெடுந்தூரம் நடந்து வந்தவர்கள் இருப்பதைப் போல இருந்தாள். ஐயா அவள் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நொத்தாரிசு, தன் கடமைக்காக ஐயாவின் மருத்துவக் கோவையை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்றார். அவரும் லூசியாவும் நானும் வெளி விறாந்தைக்கு வந்தோம். பிரௌ கெல்லர் கோவையைக் கொண்டுவந்து கொடுத்தார். நொத்தாரிசு டொக்டரின் அறிக்கையை வாசித்தார். தான் நாட்டின் தலைவராக இருந்ததாக நம்புகிறார் என்று அதில் இருந்தது. பிறகு படிவங்களைத் தட்டினார். ஒவ்வொரு பக்கமாக, ஒரு வருடம். என்னைக் கூப்பிட்டுச் சுருக்கொப்பத்தைக் காட்டி, இது உங்களுடையதா என்று கேட்டார்.

பிரௌ கெல்லர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். என் மனிசன் சோதிலிங்கத்துக்கு இடுப்பு முறிந்து இரண்டு வருடமாக வேலை இல்லை. மகள் தர்மிகா அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியில், படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம். பொய்ப் படிவம் எழுதினேன் என்று சொன்னால் நான் நாளைக்கு வீட்டில். அவர் கேட்டது கையெழுத்தைப் பற்றி மட்டும்தான். ஓம், என்னுடையது என்றேன். மிச்சத்தை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நொத்தாரிசு தன் பதவி முத்திரையைப் பைக்குள் வைத்துப் பூட்டினார். சனாதிபதியாக இருந்தது உண்மையாகவே இருந்தாலும், ஒரு வருடமாக இப்படி எழுதப்பட்ட ஒருவரின் கையெழுத்தை உறுதிப்படுத்தத் தனக்கு ஏலாது என்று, லூசியாவுக்கு ஆங்கிலத்திலும் விளக்கி, மெய்யாகவே வருந்திச் சொன்னார்.

லூசியா ஐயாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அவருடைய கையைப் பிடித்தாள், காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டாள். லிப்ட் வரை நான் கூடப் போனேன். அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். என் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கே அது விளங்கியது.

"அப்ப, பியானோவைக் கண்டனான் எண்டு அவர் சொன்னதும் அவரின்ர மூளை வருத்தம்தானோ?"

"இல்லை, அது உண்மை. அவர் நல்ல தெளிவு" என்றேன்.

"நீங்கள் எழுதினதிலை எதை நான் நம்பிறது?"

லிப்ட் கதவு மூடியது. அவளுடைய பாட்டி முப்பது வருடம் நம்பிய ஒன்றை நான் ஒரு வருடப் புள்ளடியால் அவளிடமிருந்து பறித்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். சோதிலிங்கம் சுடுதண்ணிப் பையை இடுப்புக்கு வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார், பாவம்.

"நீர் என்ன செய்யிறது. அவை காட்டின இடத்திலை வைச்சனீர்."

நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அடுத்த நாள் தர்மிகாவை இருத்தி ஒரு கடிதம் எழுதுவித்தேன். ஒரு வருடமாக நான் போட்ட புள்ளடிகள் பொய், இவர் சுயநினைவோடு இருக்கிறார், இவர் சொல்வது உண்மை என்று, நொத்தாரிசுக்கு. அவள் எழுதி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என்னுடைய படிப்பு முடியட்டும் அம்மா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டாவது கையெழுத்து வைத்திருப்பேன். கடிதம் எட்டு நாளாக என் கைப்பையில் கிடக்கிறது. கையெழுத்து மட்டும்தான் இல்லை.

கார்த்திகை முடிய இன்னும் எட்டு நாள். இன்று காலையில் நான் போனபோது ஐயா வழித்து, உடுத்து, கோட்டும் போட்டுக் கட்டில் நுனியில் இருந்தார். லூசியா இருந்த கதிரையைத் துடைத்துக் கதவுக்கு நேரே போட்டிருந்தார்.

"பதில் வந்ததோ, பிள்ளை?"

இன்னும் வரவில்லை ஐயா என்றேன். முந்தாநாளும் கேட்டார், நேற்று மூன்று தரம் கேட்டார். காத்திருந்து கேட்கிறாரா, கேட்டதை மறந்து கேட்கிறாரா என்று எனக்கே இப்போது பிடிபடவில்லை. படிவத்தை எடுத்தேன். பதினோராம் வரி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இவ்வளவு காலமும் போட்டதில் இது ஒன்றாவது உண்மையாக இருக்கும். படிவத்தை மேசையில் வைத்தேன். கைப்பையைத் திறந்து கடிதத்தையும் எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஐயா இரண்டு காகிதத்தையும் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"நிண்டுகொண்டு வைச்சால் கையெழுத்துக் கோணும். இருங்கோ."

கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். நான் பேனை மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். இருக்க மனம் வரவில்லை.