ஓட்டைகளுக்குச் சொந்தக்காரன்

முட்டை வாங்கப் போன இடத்தில்தான் அந்தக் காரைப் பார்த்தேன். மோஸ் ட்ரோயர் வீட்டுக் கோழிக்கூண்டு அது. மோஸ் ஆமிஷ் என்ற மதப்பிரிவு ஆள், குதிரை வண்டியைத் தவிர வேறெதையும் வைத்துக்கொள்ளாதவர். அவர் வாங்கிய பழைய களஞ்சியத்தோடு ஒரு காரும் சேர்ந்து வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கோழிகளிடம் ஒப்படைத்துவிட்டார். ஸ்டியரிங் மேல் ஒரு சேவல். முன் சீட்டில் இரண்டு பெட்டைகள் அடை உட்கார்ந்திருந்தன. பின் சீட்டே கிடையாது.

நான் ரொவீனா ஸ்டூப்ஸ். கார் பாடி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவள். துருவை மறைக்கப் பட்டி பூசி என் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் ஒஹாயோவில் நிறையப் பேர் என்பதால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். கை சும்மா இருக்காமல் அதை முன் மட்கார்டில் வைத்தேன். பொத்தென்று விழுந்தது. பானெட்டில் வைத்தேன், அங்கேயும் விழுந்தது. வண்டி முழுக்கப் பட்டிதான் போல என்று நகத்தால் சுரண்டினால், அடியில் பளிச்சென்று அலுமினியம்.

விஷயம் இதுதான். அறுபத்து மூன்றில் ஒரு கம்பெனி, கால் மைல் பந்தயத்துக்கென்றே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் கார்களைச் செய்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம். ஹீட்டர் இல்லை, ரேடியோ இல்லை. அதுவும் போதாதென்று அடிச்சட்டத்தில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு இன்னும் கொஞ்சம் எடையைக் குறைத்திருந்தார்கள். அதில் ஒன்றை எங்கள் அப்பா வெர்ன் ஸ்டூப்ஸ் வாங்கி, எங்கள் ஊர்ப் பந்தயத் திடலில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தார். அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் எதிலும் ஜெயிக்கவில்லை. டோனட் கடை வைத்தார், மூடினார். ரோமத்துக்காக மிங்க் என்ற கீரி மாதிரிப் பிராணிகளை வளர்த்தார், அவை ஒன்றையொன்று தின்று தீர்த்தன. அம்மா, கார்பெட் விற்க வந்தவனோடு போய்விட்டாள். காரும் கைமாறிப் போய், கடைசியில் இதோ இந்தக் கோழிகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனாலும் காலையில் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் மொத்தக் கடையும் “வாங்க சாம்பியன்” என்று சொல்லும். அந்த ஒரு வார்த்தையில்தான் மனிதர் முப்பத்தைந்து வருடம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் காருக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தேன். சட்டத்தில் ஓட்டைகளைக் காணோம். ஓட்டை இருக்க வேண்டிய இடமெல்லாம் மரக்கட்டை அடைத்திருந்தது.

“எலி வருதும்மா” என்றார் மோஸ். “கம்பெனிக்காரன் இப்பிடியா பொத்தல் சட்டத்தப் போட்டு விப்பான்? ஓக் மரத்துல கடைஞ்சு ஒவ்வொண்ணா அடிச்சேன். ஒரு சுண்டெலி நுழையட்டும் பாப்போம்.”

“இத எனக்குக் குடுத்துடறீங்களா?”

“காரு எனக்கெதுக்கு? எடுத்துக்க. ஆனா கோழிங்க எங்க போவும்?”

“நல்லதா ஒரு கூண்டு கட்டித் தர்றேன்.”

“கூண்டு கட்ட எனக்குத் தெரியாதா? இதுங்க சீட்ல ஒக்காந்து பழகிருச்சும்மா. இதே மாதிரி ஒண்ணு கொண்டா.”

ஒர்க்‌ஷாப்பில் கிடந்த ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் காரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரமே குதிரை வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின் சீட்டில் யார் உட்காருவது என்று கோழிகளுக்குள் சண்டையாம், முட்டையே இடவில்லையாம். போய்ப் பின் சீட்டைக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் வீட்டில் சமாதானம் வந்தது.

இனி காரைப் பழையபடி ஆக்க வேண்டும். இந்த மாதிரி வண்டிகளுக்கு மிச்சிகனில் ஒரு சங்கம் இருக்கிறது. கம்பெனி வாசலைத் தாண்டி வந்த அன்று வண்டி எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தால்தான் அசல் என்று ஒப்புக்கொள்வார்கள். அழகாக இருந்தால் மதிப்பெண் போய்விடும். சங்கத்து நிபுணர் பிரிட்சர்ட் போனில் சொன்னார்: “எஞ்சினுக்குப் பின்னாடி தகட்டுல பெயின்ட் வழிஞ்சிருக்கணும். இடது பக்கம். அந்த லைன்ல வேல பாத்தவன் அவசரக்காரன்.”

இருபது வருடமாகப் பெயின்ட் வழியவிட்ட பையன்களை நான் ஓட ஓட விரட்டியிருக்கிறேன். இப்போது நானே பழைய தகடுகளை வரிசையாக நிறுத்தி, வழியவிடப் பழகினேன். முதலில் வழிந்ததெல்லாம் ரொம்ப நேர்த்தியாக வழிந்தது. கேவலமாக வழிய வைக்க ஒரு வாரம் ஆயிற்று. ஒரே ஆறுதல், ஹீட்டர், ரேடியோ என்று இல்லாத சாமான்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தேன். மோஸ் அடித்த கட்டை லேசில் வருமா, தோள்பட்டை கழன்றுவிட்டது.

அப்பா தினமும் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார். “எம் மகள்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அசல்னு காகிதம் வந்ததும் திடல்ல ஒரு ரவுண்டு காட்டறேன்னு” என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பேச்சு. என்னிடம் அப்படி எதுவும் சொல்லி வைத்ததில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

பிரிட்சர்ட் ஒருநாள் வந்தார். வெள்ளைக் கையுறை, டார்ச், பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி. பெயின்ட் வழிந்த இடத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். பிறகு சக்கரப் பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் போய், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாக விரல் விட்டுத் தடவிப் பார்த்தார். வெளியே வந்தபோது ஆளே வெளுத்திருந்தார்.

“வண்டி அசல். ஆனா பின்பக்கம் இருக்கற ஓட்டையெல்லாம் கம்பெனி போட்டதில்ல.”

“ஓட்டைல என்னங்க கம்பெனி ஓட்டை, கைவேலை ஓட்டை?”

“கம்பெனி ஓட்டை ஓரம் சொரசொரன்னு இருக்கும். இது மழமழன்னு இருக்கு. யாரோ அரம் போட்டு ராவியிருக்காங்க.” கையுறையைக் கழற்றினார். “யார் போட்டது, எப்பப் போட்டதுன்னு காகிதத்துல குறிச்சாத்தான் அசல்னு குடுக்க முடியும். பந்தயத்துக்கு அப்பறம்னா பரவால்ல. முந்தின்னா, கம்பெனி குடுத்த எடைய உங்கப்பா ரகசியமா கொறச்சிருக்கார்னு அர்த்தம். அந்த வெற்றி செல்லாது. திடல்காரங்களுக்குச் சொல்லாம இருக்க என்னால முடியாது.”

“கோழிக்குக் காத்து வரட்டும்னு மோஸ் போட்டிருப்பாரு” என்றேன். என் வாயில் வந்தது அதுதான்.

“அவர் ஓட்டைய அடைச்சவர் இல்லையா? சாப்டுட்டு வர்றேன். யோசிச்சு வைங்க.”

அவர் போனதும் அப்பாவைப் பார்த்தேன். நாற்காலியில் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, நீயா போட்ட?”

“நான் போடல. உங்கம்மா மேல சத்தியமா.”

“அம்மாதான் ஓடிப்போயிட்டாளே.”

“சரி, அந்தக் கோழிங்க மேல சத்தியமா.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவருக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பி, அவரிடம் இருந்த ஒரே ஒரு சொத்துக்கும் நானே உலை வைத்துவிட்டேன். கோழி பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கக் கூடாதா?

அப்போதுதான் ஃபிளாய்ட் மாமா வந்தார். ஃபிளாய்ட் பிக்கெட், குழாய் வேலைக்காரர். அன்றைய பந்தயத்தில் பக்கத்துத் தடத்தில் ஓட்டித் தோற்றவர் அவர்தான். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தினசரி காலை உணவுத் துணையும் அவர்தான். கையில் ஒரு காப்பித்தூள் டப்பா வைத்திருந்தார். அதை மேஜையில் கவிழ்த்தார். வட்ட வட்டமாக இரும்புத் துண்டுகள் உருண்டன.

“கடையில அந்த மிச்சிகன்காரர் பேசிட்டிருந்தாரு” என்றார். “ஓட்டை போட்டது நான்தான்.”

அப்பாவுக்குப் புரியவில்லை. “எந்த ஓட்டை?”

“பந்தயத்தன்னைக்குக் காலையில நீங்கள்லாம் சர்ச்சுக்குப் போயிருந்தீங்க. எனக்குக் காய்ச்சல்னு சொன்னேன் பாரு, அப்போ. கம்பெனிக்காரன்தான் ஏற்கெனவே சல்லடையாக்கி வெச்சிருக்கானே, இன்னும் நாலு போட்டா எவனுக்குத் தெரியும்னு குழாய் விட வட்டமா ஓட்டை வெட்டற ரம்பத்த எடுத்துட்டு வந்தேன். கெளம்பற வேகத்துல சட்டம் ஒடிஞ்சு நடுவுல ஒக்காந்துரும்னு நெனச்சேன்.”

“அடப் பாவி” என்றேன். “ஒடிஞ்சிருந்தா எங்கப்பா செத்திருப்பாரே மாமா.”

“அது அப்பறந்தான் ஒறச்சுது.”

“ஓரத்த ஏன் ராவினீங்க?”

“பின்ன? பிசிறோட விட்டுட்டுப் போகச் சொல்றியா? வேலைன்னா வேலைதான்.”

கொலை செய்யப் போனவன் ஓரத்தை மழமழவென்று ராவிவிட்டுப் போயிருக்கிறான். இந்த மனிதரை அடிப்பதா, பார்த்துச் சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ ஓட்டை போட்டு வண்டி எடை கொறஞ்சதாலதான் நான் ஜெயிச்சனா?”

“அதால இல்ல” என்றார் ஃபிளாய்ட் மாமா. தொப்பியைக் கழற்றிக்கொண்டார். “கொடி விழுந்துச்சு. ரெண்டு பேரும் சமமாத்தான் போனோம். உன் வண்டி கெடகெடன்னு ஆடறதப் பக்கத்துல இருந்து பாத்தேன். ஐயோ, பொளக்கப் போகுதேன்னு பாதியில நான் ஆக்சிலரேட்டர்லேந்து கால எடுத்துட்டேன்டா. எறங்கி ஓடி வந்து உன்னத் தூக்கணுமேன்னு. நீ என்னடான்னா கோட்டத் தாண்டிக் கையாட்டிட்டுப் போற.”

அப்பா அந்த இரும்புத் துண்டை மேஜையில் வைத்தார். முப்பத்தைந்து வருட சாம்பியன் என் கண்ணெதிரே வெறும் வெர்ன் ஆகிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

“மாமா, இத அந்தாளு கிட்ட அப்பிடியே சொல்லிடுங்க” என்றேன். “எங்கப்பா ஏமாத்தலன்னாவது ஆகட்டும்.”

“சொல்லத்தானே வந்தேன்.”

பிரிட்சர்ட் உதட்டைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். “தெரிஞ்சுதா?”

ஃபிளாய்ட் மாமா வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து அவர் காலை நறுக்கென்று மிதித்தார். “நான்தான் போட்டேன்” என்றார். “பந்தயத்தன்னைக்குக் காலையில. துண்டெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன் பாருங்க.”

பிரிட்சர்ட் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பாய்ந்தார். ஓட்டையில் வைத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளேயிருந்து விசும்பல் சத்தம் கேட்டது. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

“வெர்ன், வேணாம்டா” என்று முனகினார் ஃபிளாய்ட் மாமா.

“நீ சும்மா இரு, சாம்பியன்” என்றார் அப்பா.

அசல் என்று காகிதம் வந்தது. திடல்காரர்கள் வெற்றிப் பலகையிலிருந்து அப்பாவின் பெயரை அழித்தார்கள். முதல் ஆள் போனால் இரண்டாம் ஆள்தானே முதல்? ஃபிளாய்ட் பிக்கெட் என்று தங்க எழுத்தில் எழுதினார்கள்.

மறுநாள் நானும் அப்பாவும் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் பரிமாறுகிற பெண் பழக்கத்தில் “வாங்க சாம்...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு காப்பியை ஊற்றினாள். அப்பா வாசல் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஃபிளாய்ட் மாமா வந்தார். மொத்தக் கடையும், “வாங்க சாம்பியன்” என்றது. இரண்டு பேர் எழுந்து கை கொடுத்தார்கள். கிழவர் பிணம் மாதிரி எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அவர் முட்டை ஆறிக் கிடந்தது, ஒரு வாய் இறங்கவில்லை.

“கெஞ்சிக் கேக்கறேன் வெர்ன். உண்மையச் சொல்லிடறேன்டா.”

“சொன்னா, பாவம் வயசானவருன்னு எல்லாரும் மன்னிச்சு விட்ருவாங்க” என்றார் அப்பா, அவர் தட்டிலிருந்த பன்றிக்கறியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. “நான் விடறதா இல்ல. தெனமும் வா. தெனமும் கூப்புடுவாங்க.”

வீட்டுக்குக் காரில் வரும் வழியில் கேட்டேன். “ஏம்ப்பா இப்பிடிப் பண்ண? இப்ப ஊரே உன்ன ஏமாத்துக்காரன்னு சொல்லுது.”

“ஏமாத்துக்காரனா இருந்துட்டுப் போறேன். அவன் விட்டுக்குடுத்து ஜெயிச்சவனா என்னால இருக்க முடியாது.”

“எத்தன நாளைக்கு மாமாவ இப்பிடி வதைக்கப் போற?”

“ரெண்டு பேர்ல ஒருத்தன் போய்ச் சேர்ற வரைக்கும்.” ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக்கொண்டார். “யாரு முந்தறோம்னு பாக்கலாம். இந்தத் தடவ கால எடுத்துடாதடான்னு அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”