சுவர் சாய்ந்த இருக்கை

"அசையக் கூடாது மாப்ளே. மூச்சைக்கூட மெதுவா விடுங்க" என்றார் மச்சான்.

பந்தயக் காரின் வெற்று ஓட்டுநர் இருக்கைக்குள் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதன்மேல் அவனை உட்கார வைத்திருந்தார்கள். முழு உடுப்பு, கையுறை, ஹெல்மெட், இறுக்கிப் பூட்டிய பெல்ட். கைகள் ஸ்டியரிங்கில், கால்கள் பெடலில். பந்தயத்தில் எப்படி உட்காருவானோ, அப்படியே. டீமின் தலைமை மெக்கானிக்கும் அவன் மனைவியின் அண்ணனுமான மச்சான், இரண்டு டப்பாக்களில் இருந்த திரவத்தை ஒரு வாளியில் கொட்டிக் கலக்கி, நுரைக்கத் தொடங்குவதற்குள் பைக்குள் சரித்தார். அது பொங்கி, முதுகுக்கும் இடுப்புக்கும் பின்னால் இருக்கும் சந்துபொந்தையெல்லாம் நிரப்பி இறுகிவிடும். இறுகியபின் அந்த வருஷம் முழுக்க அதுதான் அவன் இருக்கை. அவனுக்கு மட்டும் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும். வேறு யாராவது உட்கார்ந்தால் நான்கு திருப்பத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் நடக்கிற வேலைதான். ஆனால் இந்த வருஷம் அவன் அதில் உட்கார்ந்திருக்கவே கூடாது.

போன சீசனின் கடைசிப் பந்தயம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது, "இதோட போதும்மா" என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். கார் ஓட்டிக்கொண்டிருந்த அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன வருஷமும் இதே பாட்டுதான்."

"இல்ல, இந்தத் தடவை நிஜமாத்தான்."

"சரி. மறுபடியும் ஏமாத்தினீங்கன்னா, கூட்டிட்டுப் போக நான் வர மாட்டேன். பஸ் பிடிச்சு வந்து சேருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டதை அவன் பார்த்தான். மனைவி கோபமாகச் சொன்னால் சமாதானம் செய்யலாம். இப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னால் கணவன்மார்கள் பயப்பட வேண்டும்.

"கார் ஓட்டறவர்னு நம்பித்தான் கட்டிக்கிட்டேன். கல்யாணமானதுல இருந்து நான்தான் இவருக்கு டிரைவர்" என்று அவள் சொந்தக்காரர்களிடம் சொல்வது வழக்கம். அது வெறும் வேடிக்கை இல்லை. பந்தயம் முடிந்து இறங்கும்போது அவனிடம் ஒரு சாவியைத் திருப்பக்கூடத் தெம்பிருக்காது. அவள்தான் எத்தனை தூரமானாலும் வந்து அழைத்துப் போவாள். பெரிய சாலையைத் தொடுவதற்குள் அவன் தூங்கி, அவள் பக்கமாகச் சரிந்திருப்பான்.

பெரிதாக எதையும் ஜெயித்தவன் இல்லை அவன். தெருவில் போகிற கார் மாதிரியே கதவும் விளக்குமாக இருக்கிற கார்களை, கதவோடு கதவு உரச ஓட்டுகிற பந்தயம் அது. டீமுக்கு இரண்டு கார். ஒன்று ஜெயிக்கிற கார். மற்றது, ஜெயிக்கிற காரை மற்றவர்கள் நெருங்காமல் பின்னால் நின்று மறிக்கிற கார். அவன் எப்போதும் அந்த இரண்டாவது கார்தான். இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம் நிற்பான், வலப்பக்கம் வந்தால் அங்கேயும் நிற்பான். அதனால் 'சுவர்' என்று பெயர் வந்தது. சுவருக்கு யார் கோப்பை கொடுப்பார்கள்? வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கோப்பையைவிட வலித்தைலம்தான் அதிகம்.

இன்று காலை முடிவைச் சொல்லிவிட்டு, தன் காலணிகளையும் பையையும் எடுத்துவரத்தான் கிளம்பினான். அவளே பட்டறை வாசலில் இறக்கிவிட்டு, "சாயந்திரம் வரேன்" என்று போனாள். மேனேஜர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். கோபப்படவும் இல்லை.

"உன் இஷ்டம்பா. வந்தது வந்துட்ட, இருக்கையை மட்டும் போட்டுட்டுப் போ. ஒருவேளை மனசு மாறினா?"

ஓடுபாதையில் ஒருத்தனையும் முந்த விடாதவனுக்கு, அந்த 'ஒருவேளை'யை மறிக்கத் தெரியவில்லை.

நுரை சூடாகத் தொடங்கியது. இரண்டு சீசனுக்கு நடுவே ஓய்வுக் காலம் என்று பெயர்தான். கம்பெனி விருந்தாளிகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓடுபாதையைச் சுற்றிக்காட்டி, அவர்கள் கத்தும் கத்தலைக் கேட்டுவிட்டு வீடு திரும்பி, முதுகுவலியில் புரண்டு புரண்டு கழிந்த வாரங்கள் அவை. இப்போது அந்த முதுகு முழுக்க இதமாக ஒரு சூடு பரவியது. யாரோ அடியிலிருந்து தாங்கிப் பிடித்ததைப் போல இருந்தது. ஒரு நிமிஷம் கண்ணை மூடலாம் என்று நினைத்தான்.

கறுப்புக் கண்ணாடி இறக்கிய ஹெல்மெட்டுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்று வெளியே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

"சரியா இருக்கா மாப்ளே?" என்று மச்சான் கேட்டார். பதில் இல்லை. மற்ற மெக்கானிக்குகளைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா? அசையாதேன்னு சொன்னா வாயைக்கூட அசைக்க மாட்டார். இப்படி ஒரு டிரைவர் இனிமே கிடைப்பாரா?" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

பெல்ட்டைக் கழற்றக் குனிந்தபோதுதான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குறட்டை கேட்டது.

இருக்கையை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். மேலே பரணில் அவனுடைய பழைய வருஷத்து இருக்கைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் நிமிர்ந்து, விறைத்து, சண்டைக்கு நிற்கிற மாதிரி. இது மட்டும் இடுப்பு முன்னால் வழுக்கி, வலது தோள் இறங்கி, கழுத்து ஒரு பக்கமாகக் குழைந்து கிடந்தது.

"பந்தயக் காருக்குக் கட்டில் போட்டிருக்கோம்" என்றார் ஒரு மெக்கானிக். பட்டறையே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

வாசலில் ஹாரன் கேட்டது. அவனுக்கு உடுப்பை மாற்ற நேரமில்லை.

உள்ளே வந்த மனைவி முதலில் அவன் உடுப்பைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். பை இல்லை.

"பையை எடுத்துட்டு வரேன்னுதானே சொன்னீங்க?"

"இல்லம்மா, சும்மா... ஒருவேளை தேவைப்பட்டா..."

"ஒருவேளைன்னு நீங்க சுலபமா சொல்லிடறீங்க. நான் அதை ஒரு வருஷம் முழுக்கக் கையில பிடிச்சுக்கிட்டு உட்காரணும். ஒவ்வொரு ஞாயிறும் டிவியில உங்க கார் உருளுமோ, எரியுமோன்னு."

குரல் உயரவில்லை. களைத்திருந்தது. அவனுடைய களைப்பையே அச்சடித்த மாதிரி இருந்தது. அது தனக்கு மட்டும் சொந்தம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தான்.

"அவரைத் திட்டறது அப்புறம் இருக்கட்டும். இதைப் பாரு முதல்ல" என்று மச்சான் தங்கையை மேஜைப் பக்கம் இழுத்தார். நடந்ததைச் சொன்னார்.

அவள் அந்த இருக்கையைத் தொட்டாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இறங்கிய தோள் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இது எனக்குத் தெரியும். முதல்ல இடுப்பு வழுக்கும். அப்புறம் இந்தத் தோள் வரும். கழுத்து இங்க சாஞ்சதும் வாய் திறக்கும்" என்றாள்.

மெக்கானிக்குகள் மறுபடி சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"நாளைக்கு வா" என்றார் மேனேஜர். "புது நுரை வரவழைக்கிறேன். ராத்திரி நல்லாத் தூங்கிட்டு வா, நிமிர்ந்து உட்காரு."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பழியை அவள் மேல் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நாளைக்கு வந்தாலும் இப்படித்தான் சார் வரும்."

"தூங்காம இருந்தா நேரா வரும்."

"முழிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவேன் சார். நேராவும் வரும். ஆனா என் உடம்பு இப்ப இதுதான்."

மேனேஜர் கொஞ்ச நேரம் பரணைப் பார்த்தார். "அப்ப முதல் காருக்குப் பின்னாடி யாரு நிப்பா?"

"ஆள் கிடைப்பாங்க சார்."

"உன்னை மாதிரியா?"

இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரே பாராட்டு. சொல்வதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது என்றிருந்தது அவனுக்கு. இன்னொரு வார்த்தை அவர் பேசியிருந்தால் சரி என்று சொல்லியிருப்பான். நல்லவேளை, அவர் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

மச்சான் இருக்கையைக் கொண்டுவந்து அவர்கள் காரின் பின்சீட்டில் திணித்தார். "இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? உங்க தூக்கம் மாப்ளே, நீங்களே எடுத்துட்டுப் போங்க." சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்தார்.

கார் பெரிய சாலைக்கு வந்தது. அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஏதாவது பேசுவாள் என்று காத்திருந்தான். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ஒரு மரத்தடியில் அவள் காரை ஓரம் கட்டினாள்.

"என்னாச்சும்மா?"

"எனக்குத் தூக்கம் வருது."

இத்தனை வருஷத்தில் அவள் இதைச் சொல்லிக் கேட்டதே இல்லை.

"நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கல. வேண்டாம்னு சொல்லுவீங்களா, மாட்டீங்களான்னு யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். நீங்க ஓட்டுங்க."

இறங்கி இடம் மாறினார்கள். அவன் சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைத் திருத்தினான். அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "இது ரேஸ் இல்ல, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். அடுத்த திருப்பத்துக்குள் அவள் இடுப்பு வழுக்கி, தோள் இறங்கி, தலை அவன் பக்கம் சாய்ந்தது. வாயும் திறந்துகொண்டது. பரவாயில்லை, சேர்ந்து வாழ்ந்ததில் இதையும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பின்னால் ஒரு லாரி நெருங்கியது. கண்ணாடியில் அதைப் பார்த்ததுமே அவன் கை, கேட்காமலே, காரை நடுச்சாலைக்கு இழுத்தது. அவள் தலை ஆடியது. சட்டென்று கையைத் தளர்த்தி, ஓரமாக ஒதுங்கி, முந்திப் போகச் சொல்லி விளக்கைப் போட்டான்.

லாரி போனது. அதன்பின் பஸ் போனது. சாமான் ஏற்றிய ஒரு டிராக்டர்கூட நிதானமாக முந்திக்கொண்டு போனது. அதன் டிரைவர், இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறவன் எவன் என்று எட்டிப் பார்த்தார். சாய்ந்து தூங்குகிறவளைப் பார்த்துவிட்டு, தானும் எஞ்சின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போனார்.