யார் கையில் யார் குச்சி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆண்டு மலரில் நாலு பக்கம் காலியாக இருக்கிறதாம். தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சர், நீங்கதான் சும்மா இருக்கீங்க. விளையாட்டைப் பத்தி ஒரு கதை எழுதிக் குடுங்களேன். ஜெயிக்கிற மாதிரி முடிங்க."

சும்மா இருக்கிறேனாம்! உடற்கல்வி ஆசிரியை என்று பெயர். காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது நான். மைக்கைத் தட்டி "ஹலோ ஹலோ" சொல்வது நான். தாமதமாக வருகிறவர்களை வாசலில் மடக்குவது நான், வெயிலில் மயங்கி விழுகிறவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நான், விழா என்றால் நாற்காலி போடுவதும் நான். இத்தனைக்கும் நடுவில் மிஞ்சுகிற நேரத்தில் விளையாட்டு சொல்லித்தர வேண்டும். அந்த மிச்சத்தையும் கணக்கு சார் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். "டீச்சர், இந்த ஒரு பி.டி. பீரியட் மட்டும் குடுங்க, பாடம் முடியல." நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்குப் பாடம் முடியவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். கோபத்தில் எழுதினால் கையெழுத்து கோணுகிறது.

2

ஆரம்பம், முதல் முயற்சி: "அதிகாலைக் கதிரவன் மைதானத்தைப் பொன்னாக்கிய வேளையில் நான்கு இளஞ்சிட்டுகள் தத்தம்..."

அடச்சே. இது நான் எழுதியதில்லை. நான் எழுதியது "நாலு பேர் ஓடினார்கள்." தமிழம்மாவிடம் எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்தேன், சிட்டுகளாகத் திரும்பி வந்தது. (தமிழம்மா நல்லவர். தமிழ்ப் பாடம் எடுப்பதால் எல்லோருக்கும் அவர் தமிழம்மா. பாடத்தை முடித்துவிடுகிற ஒரே ஆள் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும்.)

இரண்டாம் முயற்சி: "ஓட்டம் என்பது வாழ்க்கை. வாழ்க்கை என்பது"

என்பது என்ன? தெரியவில்லை. ஓட்டம் என்றால் ஓட்டம்தான். மூச்சு வாங்கும், விலாவில் பிடித்துக்கொள்ளும், முடிந்ததும் தண்ணீர் கேட்பார்கள். இதை வாழ்க்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் முயற்சி: "போன வாரம் வட்டாரப் போட்டியில் எங்கள் பள்ளிப் பெண்கள் தொடர் ஓட்டத்தில் முதலில் வந்து தோற்றார்கள்."

இது நிஜம். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

முதலில் வந்து எப்படித் தோற்பது என்று கேட்பீர்கள். அதற்குத் தொடர் ஓட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தெரியும் என்று சொல்கிற பலருக்குத் தெரியாது.

நாலு பேர், ஒரு குச்சி. முதலாமவள் ஓடிவந்து இரண்டாமவள் கையில் கொடுப்பாள், அவள் மூன்றாமவளுக்கு, அவள் நாலாமவளுக்கு. வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேகம் குறையும். பின்னால் வருகிறவள் தரையில் போட்ட அடையாளத்தைத் தாண்டியதும் இவள் முன்னே ஓடத் தொடங்கிவிட வேண்டும். பின்னால் வருகிறவள் நெருங்கியதும் ஒரு வார்த்தை கத்துவாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் இவள் கையைப் பின்னால் நீட்டுவாள். உள்ளங்கையில் குச்சி விழும். பிடித்துக்கொண்டு பறக்க வேண்டியதுதான்.

ஆக, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. எங்கள் வார்த்தை "இந்தா!"

[இதற்குமேல் நல்ல வார்த்தை கிடையாது என்று நினைத்திருந்தேன். கொடுக்கும்போது வாயில் தானாக வருகிற வார்த்தை. யோசிக்கவே வேண்டாம். அதுதான் வினை. எங்களுக்கு யோசிக்காமல் வருவது பக்கத்துப் பள்ளிக்கும் யோசிக்காமல்தானே வரும்?]

மூன்றாவதாக ஓடுகிறவளைப் பள்ளியில் பட்டாணி என்பார்கள். ஆள் அவ்வளவுதான் இருப்பாள், குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும். நாலாவதாக ஓடுகிறவள் ஏணி. அவள் உயரத்தைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே தண்ணீர் பாட்டில். மைதானம் கிடைக்காத நாட்களில் இருவரையும் வகுப்புகளுக்கு வெளியே நடைபாதையில் ஓடவிட்டுப் பழக்கினேன். "இந்தா! இந்தா!" என்று கத்தியதில் கணக்கு சார் வெளியே வந்து, "என்ன டீச்சர், சந்தைக் கடையா?" என்றார். பீரியடை வாங்கிக்கொண்டதுமில்லாமல் கேள்வி வேறு.

போட்டியன்று கடைசி மாற்றம். எங்கள் ஏணி முன்னே ஓடத் தொடங்கிவிட்டாள். பக்கத்துத் தடத்தில் இன்னொரு பள்ளி. அவர்களுடைய மூன்றாமவள் "இந்தா!" என்று கத்தினாள். ஏணி கையை நீட்டினாள். அந்தப் பள்ளியின் நாலாமவளோ பயத்தில் முன்கூட்டியே ஓடி எட்டாத தூரத்துக்குப் போய்விட்டிருந்தாள். ஓடிவந்த பெண்ணின் கண்ணுக்கு முன்னால் ஒரு கை நீண்டிருக்கிறது. பாவம், மூச்சு முட்டுகிறது, தலை சுற்றுகிறது. வைத்துவிட்டாள்.

ஏணி அவர்கள் குச்சியோடு பறந்துவிட்டாள். எங்கள் குச்சி மஞ்சள், அது நீலம்.

பட்டாணி வந்து பார்க்கிறாள், கொடுக்கக் கை இல்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இவள் நிற்கவில்லை. மஞ்சள் குச்சியை நீட்டிக்கொண்டு ஏணியின் பின்னாலேயே முடிவுக் கோடு வரைக்கும் ஓடினாள், "இந்தா! ஏய் இந்தாடி!" என்று கத்திக்கொண்டே. மைதானமே சிரித்தது. நான் கோட்டுப் பக்கம் நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை.

ஏணி முதலில் வந்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். ஒலிபெருக்கியில், "குச்சி மாற்றத்தில் தவறு, இரண்டு அணிகளும் நீக்கம்" என்றார்கள். அவ்வளவுதான்.

4

இதை எப்படி முடிப்பது?

தலைமையாசிரியையின் முடிவு: குச்சி கீழே விழுகிறது, எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஜெயிக்கிறார்கள். "விடாமுயற்சின்னு கடைசி வரி போட்டுடுங்க டீச்சர்." விழவே இல்லையே என்றேன். "கதைதானே?" என்றார்.

தமிழம்மாவின் முடிவு: தோற்ற இரண்டு அணிகளும் கட்டிப்பிடித்து அழுகின்றன. நடந்தது என்னவென்றால், அந்தப் பள்ளிப் பெண் குச்சியைத் திருப்பிக் கேட்டு ஏணியின் கையைக் கிள்ளிவிட்டாள்.

என் வீட்டுக்காரரின் முடிவு: "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" இதுவரை வந்த முடிவுகளில் இதுதான் உருப்படியானது.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். பெயரை மாற்றி, குச்சியின் நிறத்தை மாற்றி... அதற்குள் விஷயம் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது, பி.டி. டீச்சர் கதை எழுதுகிறார் என்று. என் பிராணனை வாங்க இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

5

முதலில் பட்டாணி வந்தாள். என் அறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. காற்றுப்போன பந்துகள், கிழிந்த வலை, கோடு போடுகிற சுண்ணாம்பு மூட்டை, இவற்றுக்கு நடுவில் நான். அவள் சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று சொல்வதற்குள் பாவாடை வெள்ளையாகிவிட்டது.

"நான் கத்தினேன்னு எழுதுங்க டீச்சர்."

"எழுதறேன்டி."

"எழுதறேன்னு சொல்லாதீங்க, எழுதுங்க. ஸ்கூல்ல எல்லாரும் நான்தான் குச்சியக் கீழ போட்டேங்கறாங்க. எங்க அம்மாவே கேக்கறாங்க, ஒரு குச்சியக் கெட்டியாப் பிடிக்கத் துப்பில்லையான்னு. நான் போட்டேனா? நீங்களே சொல்லுங்க, போட்டேனா?"

"இல்ல."

"அவளுக்குத் தெரியும்ல? அவ ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கறா?"

போட்டிக்குப் போனது நாங்கள் ஐந்து பேர். பள்ளியில் மற்ற யாரும் பார்க்கவில்லை. மாற்றத்தில் தவறு என்றதும் கொடுத்தவள்தான் போட்டுவிட்டாள் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். காலை வரிசையில் மைக்கில் சொல்லிவிடுகிறேன் என்றேன் தலைமையாசிரியையிடம். "தோத்தத மைக்ல வேற சொல்லணுமா டீச்சர்?" என்று முடித்துவிட்டார்.

ஆக, பட்டாணியின் மானம் இப்போது இந்த நாலு பக்கத்தில் இருக்கிறது.

6

மறுநாள் ஏணி வந்தாள். வாசல் நிலை தாழ்வு, அவள் எப்போதும் குனிந்துதான் உள்ளே வருவாள். அன்று உள்ளே வரவே இல்லை.

"என்னப் பத்தி எழுதாதீங்க டீச்சர்."

"உன் பேரப் போடல."

"பேர் எதுக்கு? நெட்டையா ஒருத்தி, அடுத்தவங்க குச்சிய வாங்கிட்டு ஓடினான்னா தெரியாதா? மலர் வீட்டுக்கெல்லாம் போகும். எங்க அத்தை, சித்தப்பா எல்லாரும் படிப்பாங்க."

"சரி, பட்டாணிய என்ன பண்றது? அவளக் கண்டபடி பேசறாங்களே?"

"வெள்ளிக்கிழமை நான் வரல."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அடுத்த கட்டப் போட்டி. நூறு மீட்டரில் இவள் தனியாகத் தேர்வாகியிருக்கிறாள், இரண்டாவதாக வந்து. இந்தப் பள்ளியிலிருந்து அந்த மைதானத்துக்கு இதுவரை ஒருவரும் போனதில்லை. இந்த வருடத்தோடு அவள் பள்ளியும் முடிகிறது, இப்போது போகாவிட்டால் அப்புறம் யார் இவளை ஓடக் கூப்பிடப் போகிறார்கள்?

"அடியே, நூறு மீட்டர்ல யாரும் யாருக்கும் எதையும் குடுக்க மாட்டாங்க. நீ பாட்டுக்கு நேரா ஓடினாப் போதும்."

"தெரியும்."

"அப்புறம் என்ன கேடு உனக்கு?"

போய்விட்டாள்.

[இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. காதில் விழுந்த வார்த்தைக்குக் கையை நீட்டினாள். பழக்கியது அப்படித்தான். தவறு அவளுடையது என்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் கூத்து. அதற்குப் போய் ஒரு பெண் ஓடுவதையே விடுவாளா? தமிழம்மா சொன்னார்: "பாத்திரப் படைப்பு நம்பும்படியா இல்லயே டீச்சர்." முதல் தடவையாக அவர் சொன்னதை ஒப்புக்கொண்டேன். எங்கேயோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.]

7

அதனால் முடிவை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) ஏணி எல்லோர் முன்னாலும் எழுந்து, "தவறு என்மேல்தான்" என்று... (செய்ய மாட்டாள். நான் எழுதினால் மட்டும் செய்துவிடுவாளா?)

ஆ) பட்டாணி மன்னித்து, "விடுடி, போனாப் போகுது" என்று... (பட்டாணியா? நல்ல கதை!)

இ) கதையை விட்டுவிட்டு "உடற்பயிற்சியின் பயன்கள்" என்று நாலு பக்கம். எலும்பு வலுப்படும், பசி எடுக்கும், தூக்கம் வரும். யாருக்கும் வம்பில்லை. பட்டாணி மட்டும் காலம் பூராவும் குச்சியைப் போட்டவளாக இருப்பாள்.

இ-யை எழுதத் தொடங்கினேன், எரிச்சலில். "உடற்பயிற்சி செய்வதால் நம் உடலில்"

8

அந்த வரியை முடிக்கவில்லை. இன்று வியாழன். சற்று முன் ஏணி வந்தாள். இந்தத் தடவை குனிந்து உள்ளே வந்தாள். மேசைமேல் இருந்த தாள்களை எடுத்தாள். நான் தடுக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். சிட்டுகள் வந்த இடத்தில்கூடச் சிரிக்கவில்லை.

"இது தப்பு டீச்சர்."

"எது?"

"எனக்குக் கேக்கலன்னு நெனச்சு எழுதியிருக்கீங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"பாதி தூரம் போனதும் கேட்டுச்சு. பின்னாடி அவ குரல். அவ குரல் எனக்குத் தெரியாதா? குனிஞ்சு கையப் பாத்தேன். நீலம்." தாள்களை ஒழுங்காக அடுக்கி மேசையில் வைத்தாள். "தெரிஞ்சுதான் ஓடினேன். முன்னாடி யாருமே இல்ல டீச்சர். எப்பவும் ஒரு முதுகாவது இருக்கும். அன்னிக்கு யாருமே இல்ல."

"இத அவகிட்ட சொன்னியா?"

"வெளியதான் நிக்கிறா. உங்ககிட்டச் சொல்லிட்டு அவகிட்டச் சொல்றேன்னு கூட்டிட்டு வந்தேன். நீங்க சொல்லுங்க. நான் நின்னிருக்கணுமா?"

நின்றிருந்தாலும் தோல்விதான், குச்சி அப்போதே மாறிப்போயிருந்தது. அதைச் சொல்லலாம். ஆனால் அவள் கேட்டது அதையல்ல. கோடு வரைக்கும் நிற்காதே என்று வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்துவது என் வேலை. நின்றிருக்க வேண்டும் என்று சொன்னால் நாளைக்கு அவள் வரமாட்டாள், எனக்குத் தெரியும். நிற்க வேண்டியதில்லை என்று சொன்னால் வருவாள், ஓடுவாள், ஒருவேளை ஜெயிக்கவும் செய்வாள். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு நான் சொல்வது ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்.

தலைமையாசிரியைக்கு முடிவு வேண்டும். என்னிடம் இல்லை, போங்கள். வாசகர்களே, இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து படித்தீர்கள் அல்லவா? கொஞ்சம் நீங்களும் வேலை செய்யுங்கள். மலரில் அச்சாகப் போகிறது என்று நினைத்து அழகாக எதையாவது சொல்லிவைக்காதீர்கள். எதிரில் ஒருத்தி நிற்கிறாள், வெளியில் ஒருத்தி நிற்கிறாள், ஒரே பதிலை இரண்டு பேரும் கேட்கப் போகிறார்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.