கூட்டுக்குள் சாகாத கொடுவா

ஏறாவூர் வாவிக் கரையில் மணலை மீனும் திலாப்பியாவும் செத்து ஒதுங்கின. றிப்ஷானின் வலைக்கூடுகளுக்குள் கொடுவா மீன்கள் மட்டும் உயிரோடிருந்தன. அதுவே அவனுக்கு வினையாயிற்று.

கட்டார் நாட்டு வேலையிலிருந்து திரும்பியவன், உழைத்ததையெல்லாம் அந்த வலைக்கூடுகளில் போட்டிருந்தான். வயல் தண்ணீர் வாவிக்குள் விழும் மதகடியில் அவை மிதந்தன. கீழாநெல்லியும் வெள்ளைப்பூண்டும் காய்ச்சி வடித்த சாற்றைத் தீனியில் பிசைந்து போடுவான். மீன்களுக்குப் புண் வருவது குறைந்தது. தன் கசாயம் தின்ற மீன் எதற்கும் சாகாது என்று தேத்தண்ணிக் கடையில் பெருமை பேசினான்.

இலை இடித்துக் கரைத்து மீனை மயக்கிப் பிடிப்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கள்ள வேலை. ஆகவே வலைகாரர்களின் கணக்குச் சுலபமாக முடிந்தது: வாவிக்கு நஞ்சு போட்டவன் அவன், தன் மீனுக்கு மாற்று மருந்து.

அசர் தொழுகைக்குப் பிறகு வலைகாரர்கள் தோணியில் வந்தார்கள். முன்னால் நின்றவன் பஹ்மி. றிப்ஷானின் கூடப்பிறந்த ராத்தாவைக் கட்டிய மச்சான், வாவியில் வலை வீசிப் பிழைப்பவன். முதல் அடி அவன் துடுப்பால் விழுந்தது. தடுத்த றிப்ஷானின் வலக்கை மணிக்கட்டு முறிந்தது. கூட வந்த ஷிஹான் றிப்ஷானின் தலைமயிரைப் பிடித்து, நஞ்சென்று அவர்கள் நினைத்த சாற்று வாளிக்குள் முகத்தை அமுக்கினான்.

“குடிங்க ஹக்கீமு, உங்கட மருந்த,” என்றான் பஹ்மி.

றிப்ஷான் மூச்சு முட்டக் குடித்தான். வாந்தி எடுத்தான். ஆனால் சாகவில்லை.

“பாத்தீங்களாடா? மாத்து மருந்து இவன்ட வயித்துக்குள்ளேயும் கிடக்கு,” என்றான் ஷிஹான்.

சிரித்தார்கள். பஹ்மி கத்தியோடு கூட்டுக்கு இறங்கினான்.

“மச்சான், என்னைக் கொல்லுங்க. வலைய வெட்டாதீங்க.”

வெட்டினான். ஒவ்வொரு கூடாகக் கிழித்தான். கொடுவாக்கள் முதுகு மினுங்க வாவிக்குள் கலைந்து போயின.

விடிந்தபோது அவையும் மிதந்தன. செவுள் விரிந்து, வாய் பிளந்து, மணலைகளோடு மணலைகளாக. கசாயம் காக்கவில்லை. தண்ணீரைச் சோதிக்க வந்த அதிகாரி, வாவித் தண்ணீரில் மீன் மூச்சு விடக் காற்றில்லை, நஞ்சுமில்லை என்றார். மதகில் நுரைத்து விழுந்த தண்ணீரில்தான் கூட்டிலிருந்தவரை அவை மூச்சு விட்டிருக்கின்றன.

றிப்ஷான் முறிந்த கையை, உடுத்த சாரனைக் கிழித்த துண்டில் தொங்கவிட்டபடி கரையில் நின்றான். பஹ்மி பக்கத்தில் வந்து ஒரு கொடுவாவைக் காலால் புரட்டிப் பார்த்தான்.

“நீ நஞ்சு போடல்ல போல,” என்றான்.

றிப்ஷான் குனிந்து தோணியிலிருந்த துடுப்பை இடக்கையால் எடுத்தான். முதல் அடி பஹ்மியின் வாயில் விழுந்தது. பல் தெறித்தது. பஹ்மி கையை உயர்த்தவில்லை. இரண்டாவது அடிக்கும் உயர்த்தவில்லை. மூன்றாவதற்குக் கை உயர்த்த பஹ்மியால் முடியவில்லை.