முதல் அறுப்புக்கு ஒரு பரிவட்டம்

விஜயதசமி காலை எங்கள் திருவொற்றியூர் மரவாடியில் இருந்தவர்கள்: தவசிமுத்து ஆகிய நான், என் மகள் ராமசெல்வி, அவளை ஆவணியில் மணந்த மாப்பிள்ளை இசக்கிப்பாண்டி, அவருடைய தகப்பனார் சுப்புராயன், மிஷின் ஓட்டும் காஜா மொய்தீன். வேறு யாரும் இல்லை. கேட் சாத்தியிருந்தது.

புது வாள் வந்தால் முதல் அறுப்பு புது மாப்பிள்ளைக்கு. அது எங்கள் குடும்ப வழக்கம். முன்பெல்லாம் கைவாள், ஆபத்தில்லை. இந்த முறை வந்தது செயின் சா. பெருமரத்துக்கென்று மூன்றடி நீள பார் பூட்டியது. பார் என்றால் சங்கிலி சுற்றி ஓடும் தகடு. மாப்பிள்ளையோ பட்டு வேட்டியில் வந்து நின்றார்.

"வீடியோல பாத்துட்டேன் மாமா. நுனியால நேரா குத்தணும்."

காஜா என் காதருகே குனிந்தான். "நைனா, நுனியோட மேல்பக்கம் மரத்துல பட்டுச்சுன்னா மிஷின் மூஞ்சிக்கே எகிறும். வேட்டி வேற கட்டிகினு வந்துகீறாரு. அப்பால நம்ம பாப்பா கதி இன்னா?"

மாப்பிள்ளைக்குக் காயம் பட்டால் குடும்பப் பெயர் போய்விடும். அவரைத் தடுத்தாலும் போய்விடும். ஹெல்மெட், கால்காப்பு என்று காஜா சொன்னதற்கே, "நான் என்ன கூலிக்காரனா?" என்று கேட்டிருந்தார்.

இரண்டையும் தாம்பாளத்தில் பூவோடு வைத்து, சந்தனம் தொட்டு நீட்டினேன். "கோயில்ல பரிவட்டம் கட்டுறாங்களே மாப்பிள்ளை, எங்க மரவாடிக்கு இதுதான் பரிவட்டம்."

உடனே தலையைக் குனிந்துகொடுத்தார். வேட்டியை மடித்துக் கால்காப்பும் கட்டிக்கொண்டார். காஜா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

சம்பந்தி எழுந்துவிட்டார். "மகனுக்குப் பரிவட்டம், தகப்பனுக்கு வெறுந்தலையா?"

இருந்ததோ ஒரே செட். மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றித் தகப்பனாருக்கு வைத்தார். வைத்ததை அவர் கழற்ற மறுத்தார். மகனும் கால்காப்பை விடவில்லை.

"பாதி செட்டுக்கு மிஷின் ஓடாது," என்றான் காஜா.

"அது மிஷினுக்குத் தெரியுமாடா?" முகமறைப்புக்குள்ளிருந்து சம்பந்தி.

"மிஷினுக்குத் தெரியாது பெருசு. எனக்குத் தெரியும். ஸ்பார்க் பிளக் என் ஜோபில கீது."

"நீ குடுலே."

"நீங்க குடுங்கப்பா."

வெயில் ஏறியது. இருவரும் அசையவில்லை.

"மாமா," என்றாள் ராமசெல்வி தன் மாமனாரிடம், "உங்க வீட்டு மரியாதைய உங்க வீட்டு மருமக வாங்கிக்கிட்டா, அது வெளிய போனதா ஆகுமா?"

ஆகாது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. மகனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம், தகப்பனுக்கும் வேண்டாம். இருவரும் கழற்றிக் கொடுத்ததை அவள் அணிந்துகொண்டாள்.

காஜாவிடம் மிஷின் ஓட்டப் பழகியவள் அவள். பூட்ஸோடுதான் வந்திருந்தாள். சங்கிலியின் இறுக்கத்தைப் பார்த்தாள். காஜா பிளக்கைப் போட்டான். பாரின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று, மிஷினின் முன்பக்க இரும்பு முள்ளை மரத்தில் ஊன்றி, நுனி எதிலும் படாமல் மறுபுறம் நீட்டியிருக்க, நிதானமாக இறக்கினாள். வட்டமாக ஒரு துண்டு விழுந்தது.

"எங்க மருமக!" என்றார் சம்பந்தி. மாப்பிள்ளைதான் பலமாகக் கைதட்டினார்.

மாப்பிள்ளை கையிலிருந்து மிஷினைப் பிடுங்கி மகளிடம் கொடுத்தோம் என்று காலடிப்பேட்டையில் பேசிக்கொள்கிறார்கள். பொய். மாப்பிள்ளை மிஷினைத் தொடவே இல்லை.