வெட்டமும் வெட்டும்

முட்டத்துப் பாறைமேல் கேமராவை நிறுத்திவிட்டு ஸ்மைலின் செய்த முதல் வேலை, ஐப்பசி மாதத்தைத் திட்டியதுதான். மேற்கே கடலுக்கு மேல் மேகம் மூடிக் கிடந்தது. அவளுக்கோ வெயில் வேண்டும். சும்மா வெயில் இல்லை, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து விழுகிற வெயில்.

ஒளிப்பதிவு படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாள்முதல் கிளாப் பலகையைத் தவிர வேறெதுவும் அவள் கைக்கு வந்ததில்லை. வகுப்புக்கு இருப்பது ஒரே கேமரா. கணக்குப் படித்த பெண் பி.எட். போகாமல் படம் பிடிக்கப் போகிறாளாம் என்று சர்ச் சபையில் பாதிப்பேர் அப்பாவிடம் துக்கம் விசாரித்தாயிற்று. இன்றைக்குத்தான் அவள் முறை வந்திருக்கிறது.

ஜெயசிங் சார் கொடுத்திருந்த பயிற்சி, சொல்வதற்கு எளிது. நிழலில் இருக்கும் ஒரு முகத்தின்மேல் வெயில் வந்து விழ வேண்டும், எல்லாம் ஒரே ஷாட்டில். வெயில் வர வர, லென்ஸுக்குள் ஒளி நுழைகிற துவாரத்தை, அதாவது ஐரிஸை, கையாலேயே கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். முந்தினால் முகம் இருண்டுவிடும். பிந்தினால் வெளிறிப் போகும். குறைத்தது பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது. யார் நன்றாகச் செய்கிறாரோ, செமஸ்டர் படத்துக்குக் கேமரா அவருக்கு. மற்றவர்களுக்கு மறுபடியும் கிளாப் பலகைதான். நாளைக்கு டெனிஷின் முறை. அவன் கல்யாண வீடுகளில் கேமரா பிடித்துப் பிடித்தே தேறியவன்.

முகத்துக்கு ஸ்மைலின் தன் சித்தி நேசபாயைக் கூட்டி வந்திருந்தாள். கடலுக்குப் போனவருக்காகக் காத்திருக்கும் பெண்ணாகச் சித்தி நிற்க வேண்டும். சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததுதான் சித்திக்குப் பெரும்பாடாக இருந்தது.

"ஏட்டி, எம்புட்டு நேரம் மூஞ்சிய இப்பிடித் தூக்கி வச்சிட்டு நிக்க? எனக்குச் சாவு வீட்டுலயே சிரிப்பு வரும், தெரியும்லா?"

"இன்னும் கொஞ்ச நேரம், சித்தி."

கேமராவை ஓட்டவும் நிறுத்தவும் பக்கத்தில் ராஜமணி. திண்டுக்கல்காரன், இந்தப் பக்கம் வந்து ஒரு செமஸ்டர்கூட முடியவில்லை. ஜெயசிங் சாருக்குத் தமிழ்ப்பற்று அதிகம். ரோல், கட் என்று யாராவது வாயைத் திறந்தால் முகம் சுளிப்பார். அவர் வகுப்பில் 'ஓட்டு' என்றால் ஓட்ட வேண்டும், 'வெட்டு' என்றால் நிறுத்த வேண்டும். ராஜமணி இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தான்.

மேகத்தின் ஓரம் மெல்ல வெளுத்தது. "ஓட்டு" என்றாள் ஸ்மைலின். ராஜமணி பொத்தானை அழுத்தினான். சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அலைமேல் வெயில் விழுந்து, பாறைகளைத் தாண்டி, அவர்களை நோக்கி ஓடி வந்தது. ஸ்மைலினுக்குத் தலைகால் புரியவில்லை.

"வெட்டம்!" என்று கத்திவிட்டாள்.

அந்தச் சீமையில் பிறந்த எல்லோரும் வெளிச்சத்தைச் சொல்கிற சொல் அது. பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ராஜமணிக்குத் தெரியாது. டக்கென்று அழுத்தினான். கேமரா நின்றது. சித்தியின் முகத்தில் வெயில் தங்கமாக வந்து இறங்கியது, பதிவு செய்ய ஆளில்லாமல்.

"ஏலே, என்னல செஞ்ச?"

"நீதானே புள்ள வெட்டச் சொன்ன!"

"வெட்டம்னேன் மக்கா, வெட்டம்! வெளிச்சம் வருதுன்னு சொன்னேன்!"

"வெளிச்சம் வந்தா வெளிச்சம்னு சொல்லேன்! அதுக்கு ஏன் வெட்டுற?"

சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்மைலினுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் மேகம் மறுபடி மூடிவிட்டது. டெனிஷ் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதும், தான் பின்னால் பலகையோடு ஓடுவதும் கண்முன் வந்து நின்றன.

ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை, சாயங்காலம் கேமரா திரும்பிப் போயாக வேண்டும். ராஜமணியிடம் புது ஒப்பந்தம் போட்டாள். "இனி ஓட்டுன்னு சொன்ன பெறவு நான் வாயத் திறக்க மாட்டேன். உன் தோளைத் தொட்டா மட்டும் நிறுத்து. வேற என்ன நடந்தாலும் நிறுத்தாத, கேட்டியா?" அவன் குற்றவாளிபோலத் தலையாட்டினான்.

பாறைக்குக் கீழே மீன் விற்றுவிட்டு வெறும் கடவப் பெட்டிகளோடு நாலைந்து பெண்கள் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் லீமா என்பவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னத்துக்கு மக்களே காத்து நிக்குதிய?"

"வெட்டத்துக்கு, அக்கா."

"அவ்வளவுதானா? நாங்க பாத்துச் சொல்லுதோம்!"

ஸ்மைலின் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண் முழுக்க மேகத்தில் இருந்தது. அடிவானத்தில் மேகம் கிழிவது தெரிந்ததும், கடைசியாக ஒரு முறை "ஓட்டு" என்றாள். ஒரு கை ஐரிஸ் வளையத்தில், ஒரு கை கேமராவின் கைப்பிடியில். சித்தி கடலைப் பார்த்து நின்றாள். காற்றுகூட அடங்கிவிட்டது.

அப்போதுதான் கீழேயிருந்து மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் அலறியது:

"பிள்ளேளா, வெட்டம்! வெட்டம் வந்தாச்சு! வெட்டம்!"

ஸ்மைலினுக்கு உயிரே போய்விட்டது. கடைக்கண்ணில் ராஜமணியின் கட்டைவிரல் பொத்தானை நோக்கிப் போவது தெரிந்தது. தடுக்கலாமென்றால் இரண்டு கைகளும் வேலையில் இருக்கின்றன. வளையத்தை விட்டால் ஷாட் போச்சு. போகட்டும், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று வளையத்தைத் திருப்ப ஆரம்பித்தாள்.

விரல் பொத்தான்மேல் போய் நின்றது, திரும்பி வந்தது. ராஜமணி அதை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடி நின்றான்.

சித்தி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். வெயில் நெற்றியில் விழுந்தது, கன்னத்தில் இறங்கியது. கூடவே, அடக்கி வைத்திருந்த சிரிப்பு முகமெல்லாம் பரவியது. காத்திருந்தவர் கரைக்கு வந்துவிட்டதை அந்தப் பெண் கண்டுகொண்ட மாதிரியே இருந்தது. ஸ்மைலின் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி முடித்துவிட்டு, ராஜமணியின் தோளைத் தொட்டாள். பிறகு பாறைமேல் நின்று குதித்தாள். கீழே லீமாவும் கூட்டமும் கைதட்டினார்கள்.

எல்லோருடைய முறையும் முடிந்தபின் ஷாட்டுகளை வகுப்பில் போட்டுப் பார்த்தார்கள். டெனிஷின் ஷாட்டில் முகம் ஒரு கணம் வெளிறி, அப்புறம் சரியானது. ஸ்மைலினுடையதை ஜெயசிங் சார் ஒரு தடவை பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று மறுபடியும் பார்த்தார்.

"எந்த இடத்துல குறைச்ச, மக்கா?"

"தெரியல்லியா, சார்?"

"எனக்கே தெரியல்ல."

வகுப்பு ஓவென்று கத்தியது. ஸ்மைலினுக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டன. சார் கேமரா அலமாரியின் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"செமஸ்டர் படத்துக்குக் கேமரா உனக்குத்தான். அசிஸ்டென்ட் யாரு வேணும்?"

"ராஜமணி, சார்."

முட்டத்துக் கதை அதற்குள் பல்கலைக்கழகம் முழுக்கப் பரவியிருந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சாராலும் அடக்க முடியவில்லை. "இவனா? உள்ளதையும் வெட்டிப் போடுவானே!"

"எல்லாருக்கும் எப்ப வெட்டணும்னுதான் தெரியும், சார்," என்றாள் ஸ்மைலின். "ஊரே கூடி நின்னு கத்தினாலும் எப்ப வெட்டக் கூடாதுன்னு இவனுக்கு மட்டும்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டிருந்த ராஜமணி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.