நாற்பதாவது கால்

1

இந்தக் கதை ஒரு பூஜ்யத்தின் மேல் வந்த எரிச்சலில் பிறந்தது. ஓர் ஊரின் பெயருக்கு நேரே 'நரம்புச் சிலந்தி நோயாளிகள்: 0' என்று போட்டிருந்தது. எங்கே பார்த்தாய் என்று கேட்காதீர்கள். கற்பனையில்தான். எரிச்சல் மட்டும் நிஜம்.

ஊர் நாமக்கல்லுக்கு மேற்கே. பெயர் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் கல்யாணமாகாத பையன்கள் இருக்கிறார்கள். வருஷம் 1936 என்று வைத்துக்கொள்வோம்.

2

தொடக்கம் ஒன்று: "அங்கம்மாள் கோழி கூவும் முன்பே எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு..."

(வேண்டாம். கதைகளில் பெண்களைத் தூங்கவே விடுவதில்லை. இவள் அன்று நன்றாகத் தூங்கினாள்.)

தொடக்கம் இரண்டு: "பொது சுகாதாரத்தில் புள்ளிவிவரங்களின் பங்கு..."

(நீங்கள் எழுந்து போவது தெரிகிறது. உட்காருங்கள்.)

விஷயம் இதுதான். அந்த ஊரில் குடிதண்ணீருக்கு ஒரே படிக்கிணறு. காலில் புண்ணோடு அதில் இறங்குகிறவனிடமிருந்து நோய் தண்ணீருக்குப் போகும். அதைக் குடித்தவன் காலில் அடுத்த வருஷம் கொப்புளம் கிளம்பி, நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும்; அதுதான் நரம்புச் சிலந்தி. குச்சியில் தினம் கொஞ்சமாகச் சுற்றி இழுக்க வேண்டும். ஆள் சாக மாட்டான், உழவு காலத்தில் திண்டாடுவான். சாகாததால் சாவுக் கணக்கில் இந்த நோய் ஏறவே இல்லை. ஆகவே சர்க்காருக்கு அது தெரியாது.

தெரிந்துகொள்ளத்தான் ஜில்லா போர்டு, சுகாதார இன்ஸ்பெக்டர் பாலசுந்தரத்தை அனுப்பியது. நாற்பது பேருக்காவது சிலந்தி இருக்கும் ஊரில் படியை மூடி, சுவர் எழுப்பி, ராட்டினம் போட்டுத் தருவார்கள். கண்ணால் பார்த்த காலைத்தான் எழுத வேண்டும். (நாற்பது என் கணக்கு. முதலில் ஐம்பது போட்டிருந்தேன், இரக்கப்பட்டுக் குறைத்தேன்.)

3

பாலசுந்தரம் வந்தார். ஊரே கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பதில் சொன்னது. இடுப்புக்குக் கீழே ஒருவரும் தென்படவில்லை.

"சிலந்தியா? எங்கூர்லயா? அதெல்லாம் கெடையாதுங்க!"

சிலந்தி ஊர் என்று பெயர் வந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? அவர் பூஜ்யம் போட்டுக்கொண்டு போனார்.

4

முதல் பிரதியில் பாலசுந்தரம் சேலத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை, உத்தமர், ஏழைகளுக்காக உருகுகிறவர். இரண்டு பக்கம் எழுதுவதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. அதனால் அவருக்கு நல்ல பசியைக் கொடுத்தேன். அது கதைக்கு உதவியது.

அதே ஊருக்கு ஒரு காதுகுத்து விருந்துக்கு வந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். பந்தியில் சம்மணம் போட வேண்டும். சிலந்திக் காலை மடக்கினால் உயிர் போகும். வேலியில் மறைந்த கால்கள் எல்லாம் இலைக்கு முன்னால் நீண்டு கிடந்தன. அப்புறம் அந்தக் கோடையில் அவர் ஒரு விருந்தையும் விடவில்லை. சட்டை இறுகியது, கணக்கு முப்பத்தொன்பதுக்கு ஏறியது.

5

கடைசி விருந்து அங்கம்மாள் வீட்டில். மகன் செங்கோட்டையனுக்குப் பரமத்தி வேலூர்ப் பெண் வசந்தாமணியைப் பேசியிருந்தது. பெண்ணின் அப்பா சின்னண்ணன் உறவுக்காரர்களோடு வீடு பார்க்க வந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அங்கம்மாள் கெட்டிக்காரி. பந்தியில் காலை நீட்டுகிற உள்ளூர்க்காரர் ஒருவரையும் கூப்பிடவில்லை. மகனை மட்டும் தவிர்க்க முடியவில்லை. அவன் சிலந்திக் காலை வேட்டிக்குள் மடக்கி, வியர்த்து ஊற்ற, சிரித்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் அவளிடம் குனிந்து கிசுகிசுத்தார். "அம்மா, நாப்பதுக்கு ஒரு கால் குறையுது."

"சித்த பொறுங்க சாமி. அவுங்க கை நனைக்கட்டும். அப்புறம் நானே காட்டறேன்."

எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடித்திருந்தது. பெண்ணும் வரும், கிணறும் வரும். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

6

சின்னண்ணன் இலையில் கை வைக்குமுன் சொன்னார். "அம்மிணி, வெய்யில்ல வந்தது. மொதல்ல குடிக்கத் தண்ணி குடு."

நோய் ஒட்டாமலிருக்க அங்கம்மாள் காலையில் துணியில் வடிகட்டி வைத்திருந்த தண்ணீர் சமையலிலேயே தீர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆராயி ஓடிப்போய்க் கிணற்றில் மொண்டு வந்து சொம்பை அவள் கையில் திணித்தாள்.

காலை மறைப்பது வேறு. இதை எடுத்து நீட்டுவது வேறு. இந்த வித்தியாசம் எனக்கே இப்போதுதான் உறைக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

"சின்னண்ணன் வாங்கி மடமடவென்று..." என்று எழுதினேன். அங்கம்மாள் சொம்பை விடவில்லை. வேறு மாதிரி எழுதினேன். ஆராயியைத் தடுக்கி விழ வைத்தேன், சொம்பைக் கொட்டினேன், மழைகூடப் பெய்ய வைத்தேன். அவளோ இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பிறகு, நான் எழுதாத ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"குடிக்காதீங்கண்ணா."

பந்தி முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. செங்கோட்டையன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. இன்ஸ்பெக்டர் அப்பளத்தைக் கீழே வைத்தார்.

"ஏனம்மிணி?" என்றார் சின்னண்ணன்.

தண்ணீர் கலங்கல் என்று ஒரு பொய் கைவசம் இருக்கிறது. உண்மை இலைக்குப் பின்னால் மடங்கி, வலியில் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அவளுக்குச் சொல்லித்தர எனக்கு யோக்கியதை இல்லை. சின்னண்ணன் காத்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள். சொல்வதற்கு முன், வசந்தாமணியை உங்கள் வீட்டுப் பெண்ணாக ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.